ஐஸ் கட்டாத ஹெலிகாப்டர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்கால் வரை, ஐஸ் கட்டி விழுந்த ஹெலிகாப்டர் என்று ஒன்று திருச்சி மாவட்டத்தின் சரித்திரத்திலேயே கிடையாது. லால்குடி வயலில் விழுந்ததில்லை. உப்பிலியபுரம் பக்கம் பச்சமலையில் மோதியதில்லை. இதற்கு வெயில்தான் காரணம் என்று விவரம் தெரியாதவர்கள் சொல்வார்கள். உண்மையில் அந்தப் பெருமை முழுக்க முழுக்க ஒரே ஒருவரைச் சேரும். அவர் காட்டூர் அற்புதசாமி.

பதவி: வெளிவெப்ப உதவியாளர். அமைப்பு: 'ஸ்ரீரங்கம் வான்படை'. தலைமையகம்: அம்மா மண்டபம் ரோட்டில் ஓர் அபார்ட்மென்டின் மூன்றாவது மாடிப் படுக்கையறை. படையின் தலைவரும் ஒரே விமானியுமான அன்புச்செல்வன், பேங்க் லீவு நாட்களில் அங்கே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஹெலிகாப்டர் ஓட்டுவார். ஹெலிகாப்டர் திரைக்குள் இருந்தது. இமயமலையும் திரைக்குள் இருந்தது. பொறுப்பு மட்டும் நிஜம்.

பனிமலை மேகத்துக்குள் நுழையும்போது வெளியே நான்கு டிகிரிக்கு இறங்கிவிட்டால் 'ஐஸ் தடுப்பு' சுவிட்சைப் போட வேண்டும். போடாவிட்டால் இன்ஜினில் ஐஸ் கட்டும், ஹெலிகாப்டர் விழும். ஆகவே அற்புதசாமி காட்டூரில் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதே ஹெலிகாப்டரின் வெப்பமானியைப் பார்த்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ரிஜிஸ்டரில் எழுதி, கையெழுத்திட்டு, ஹெட்போனில் விமானிக்கு அறிவிப்பார்.

விமானியின் மூக்குக்கு எதிரிலேயே அந்த வெப்பமானி இருக்கிறதே, அவரே பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் ஆபீஸ் வாசலை மிதிக்காதவர்கள். ஒரு சீட் வேலையை இன்னொரு சீட் பார்ப்பதாவது!

அற்புதசாமி மிதித்தவர். முப்பத்துநான்கு வருடம். உதவியாளராகவே இருந்து, கண்காணிப்பாளர் நாற்காலியை எதிர் வரிசையிலிருந்து பார்த்தபடியே ரிட்டயர் ஆனவர். அந்தப் புண்ணுக்கு மருந்து அன்று கிடைக்கவிருந்தது. தொண்ணூற்றொன்பது பயணங்கள் ஐஸ் கட்டாமல் முடிந்துவிட்டன. நூறாவதும் முடிந்தால் அவர் 'வெளிவெப்பக் கண்காணிப்பாளர்'. பெயர்ப்பலகை தயாராகி, பீரோவில் வேட்டிக்கு அடியில் காத்திருந்தது.

சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வந்ததும் அறைக்குள் போனார். ஏசியைப் பதினாறில் வைத்தார். கொடைக்கானலில் வாங்கிய மங்கி குல்லாயை மாட்டிக்கொண்டார். சூழ்நிலை முக்கியம் அல்லவா?

நூறாவது பயணம் கிளம்பியது. பத்து மணி ஆறு நிமிடம். கதவு திறந்தது. மனைவி இருதயமேரி.

"ஏங்க, ஏசியில காத்தே வரல. உள்ள வெள்ளை வெள்ளையா ஐஸ் கட்டியிருக்கு. நிறுத்துங்க."

"ஐஸைப் பத்தி எங்கிட்டயா சொல்ற, மேரி?"

"ஃபில்டரைக் கழுவுங்கன்னு ஈஸ்டருக்கு முன்னாடியே சொன்னேன்."

"பதறாத. வெளியில இன்னும் பதினொரு டிகிரி இருக்கு."

"வெளியில நாப்பத்தொண்ணுங்க! துணி காயப்போட்டுட்டு இப்பதான் வரேன்."

அற்புதசாமி பரிதாபமாகச் சிரித்தார். எது வெளி என்றே தெரியாதவர்களிடம் என்ன பேசுவது? ஆனாலும் வந்த தகவலைப் பதியாமல் விடும் வழக்கம் அவருக்கு இல்லை. ரிஜிஸ்டரின் 'குறிப்பு' கட்டத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பத்து இருபத்திரண்டு. மேரி வாளியோடு வந்தார்.

"சொட்டுதுங்க. இதையாவது கம்ப்யூட்டர் பக்கத்துல வைக்கிறேன்."

"ஹெலிகாப்டருக்குள்ள யாராவது வாளி வைப்பாங்களா? எடுத்துட்டுப் போ."

இன்னொரு வரி. இன்னொரு கையெழுத்து.

டப்... டப்... டப்.

"அன்பு சார், மழைச் சத்தம் தத்ரூபமா இருக்கு!"

"எனக்கு மழைச் சத்தமே கேக்கலையே சார்?"

"உங்க ஸ்பீக்கர் பழசு சார். மாத்துங்க."

பத்து முப்பத்தெட்டுக்கு மேரி மூன்றாம் முறை வந்தார். "தலைக்கு மேல பாருங்க! பாளமாத் தொங்குது!" என்றார். அற்புதசாமி மேலே பார்க்கவில்லை. வெப்பமானியிலிருந்து கண்ணை எடுப்பது கடமை தவறுதல். எழுத மட்டும் செய்தார்.

திரையில் மேகம் நெருங்கியது. ஆறு டிகிரி. ஐந்து.

"சார், அஞ்சுன்னு எனக்கே தெரியுது. சுவிட்சைப் போட்டுடவா?"

"என் அறிக்கை இல்லாம எப்படி சார் போடுவீங்க? நூறாவது பயணம். முறையாப் போகணும்."

நான்கு!

அற்புதசாமி தொண்டையைச் செருமினார். முப்பத்துநான்கு வருடக் கனவு நாக்கு நுனிக்கு வந்தது.

"பெறுநர்: விமானி அவர்கள். பொருள்: வெளிவெப்பம் நான்கு டிகிரியாகக் குறைந்தமை தொடர்பாக. பார்வை ஒன்று: தங்கள் வாய்மொழி ஆணை..."

"சார், மேகத்துக்குள்ள வந்துட்டோம்! சீக்கிரம்!"

"குறுக்கிடாதீங்க. பார்வை இரண்டு..."

தொம்!

ஏசிக்குள்ளிருந்து ஒரு பாளம் ஐஸும் ஒரு குடம் தண்ணீரும் கம்ப்யூட்டர் மேல் இறங்கின. புஸ் என்று ஒரு புகை. திரை இருண்டது.

ஸ்ரீரங்கத்தில் அன்புச்செல்வன் சுவிட்ச் மேல் விரலை வைத்தபடி, அறிக்கையின் மீதிக்காகக் காத்திருந்தார். நாற்பது வினாடி. ஹெலிகாப்டர் விழும் வரை விரலை அவர் அசைக்கவில்லை. ஒழுக்கம் என்றால் அது.

அற்புதசாமியின் செல்போன் அடித்தது.

"விழுந்துட்டோம் சார்."

"எதனால?"

"ஐஸ்."

அற்புதசாமி குல்லாயிலிருந்து ஒரு துண்டு ஐஸைத் தட்டிவிட்டார். "இங்கயும் அதேதான் சார்."

அன்று சாயங்காலமே 'விபத்து விசாரணைக் கமிஷன்' காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்கூட்டரில் காட்டூர் வந்து சேர்ந்தது. அதாவது அன்புச்செல்வன் வந்தார். உள்ளே ஏசி மெக்கானிக் முஜிபுர் ரஹ்மான் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார்.

"ஃபில்டர்ல தலகாணி அளவு தூசி, ஒரு மெத்தையே தச்சுடலாம்!" என்றார். "காத்து போகலன்னா ஐஸ் கட்டத்தான் சார் செய்யும். வீட்ல ஒருத்தர் கண்ணுலகூடவா படல?"

பதிலுக்கு அன்புச்செல்வன் ரிஜிஸ்டரைப் பிரித்து, உரக்கப் படித்தார்.

"10.06. ஐஸ் கட்டியுள்ளதாக மனைவி தகவல். உள் விவகாரம். கோப்பு மூடப்பட்டது."

மேரி இடுப்பில் கையை வைத்தார்.

"10.22. மேற்படியார் வாளியுடன் ஆஜர். வாளி திருப்பி அனுப்பப்பட்டது."

"படிங்க தம்பி, படிங்க."

"10.38. மேற்படியார் மூன்றாம் முறை. எச்சரிக்கப்பட்டார்."

முஜிபுர் ரஹ்மான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கமிஷன் சிரிக்கவில்லை. ஐஸ் கட்டப்போவதை மூன்று முறை முன்கூட்டியே அறிவித்தவர் யாரோ, விதிப்படி பதவி உயர்வு அவருக்குத்தான் என்று அங்கேயே தீர்ப்பளித்தது. அற்புதசாமி பீரோவைத் திறந்து, வேட்டிக்கு அடியிலிருந்து பலகையை எடுத்து, தன் கையாலேயே மேரியிடம் நீட்டினார்.

மேரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிமிர்ந்தார். ஏசி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பலகையைச் சரிவாக அதன் கீழே செருகி, அடியில் அந்த வாளியை வைத்தார். 'வெளிவெப்பக் கண்காணிப்பாளர்' வழியாகத் தண்ணீர் சமர்த்தாக ஓடி வாளிக்குள் விழுந்தது.

"பரவாயில்லையே, வேலை பாக்குது," என்றார்.

இன்றைய தேதிக்கு, திருச்சி மாவட்டத்திலிருந்து கிளம்பி ஐஸ் கட்டி விழுந்த ஹெலிகாப்டர் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெருமையும் முழுக்க முழுக்க ஒரே ஒருவரைச் சேரும். சந்தேகம் இருப்பவர்கள் ரிஜிஸ்டரைப் பார்க்கலாம். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.