வேப்பிலை கட்டிய கதவும் பினாங்குக் கப்பலும்

நெமிலிச்சேரி,
12-9-1974

அன்புள்ள தங்கை சாராளுக்கு,

அக்காள் ஞானகுமாரி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அத்தானும் சுகம். என் இடது கையும் இப்போது சுகம். பினாங்கில் நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நலமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறோம்.

பதினொரு வருஷம் கழித்து உன்னைப் பார்க்கப் போகிறேன். வருகிற வியாழன், 19-ஆம் தேதி கப்பல். கடல் கடந்து வருகிறவர்கள் எப்படியெல்லாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நீ அனுப்பிய நான்கு பக்கப் பட்டியலை உன் அத்தான் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிவிட்டார். எதையும் தேவைக்கு ஒன்று கூடுதலாக வைத்துக்கொள் என்று எழுதியிருந்தாயே, அதனால் பாஸ்போர்ட் எண்ணை மூன்று இடத்தில் எழுதி, அந்த மூன்றும் எங்கே இருக்கின்றன என்று நான்காவது இடத்தில் எழுதியிருக்கிறார். ராணுவச் சீருடை தைக்கும் இடத்தில் மேற்பார்வை பார்க்கிறவர் ஆகையால், கோட்டுக்குள் கித்தான் துணியில் ரகசியப் பை ஒன்று வைத்து, அதில் எதைப் போட்டாலும் வாயைத் தைத்து மூடிவிடுகிறார். "கப்பல்ல எவன் கை வச்சாலும் ஒண்ணும் வராது" என்கிறார். நாம் கை வைத்தாலும் வராதே என்று நான் கேட்கவில்லை.

பட்டியலில் ஐந்தாவது, அம்மை குத்திக்கொள்வது. கஷ்டமெல்லாம் அதில்தான் வந்தது. அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. எனக்குக் கை வீங்கிக் கொப்புளம் கட்டி, காய்ச்சலில் படுத்துவிட்டேன். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாளுக்கும் வெளிக்கதவு ஒன்றுதான். இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவள், தனிக்கட்டை. என் கையைப் பார்த்தவள், "இன்னா கொமாரி, ஆத்தா வந்துகீறா, நீ பாட்டுக்குக் காபி குட்ச்சிகினு கீறே?" என்று தம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போய், வெளிக்கதவு நிறைய வேப்பிலை கட்டிவிட்டாள். நாங்கள் வேதக்காரர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அது அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் வந்துகீறா" என்றாள். அப்போதே நான் அவிழ்த்துப் போட்டிருக்க வேண்டும். கல்லூரியில் தாவரவியல் படித்தவள், வேம்பின் லத்தீன் பெயர் வரை தெரிந்தவள். ஆனால் அவள் இளநீர் சீவிக்கொண்டு வந்து, இரண்டு நாள் என் பக்கத்திலேயே விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உன் அத்தான் தெர்மாமீட்டர்தான் வைப்பார். அம்மா போன பிறகு என் நெற்றியைக் கையால் தொட்டுப் பார்த்தது அவள்தான். அவிழ்க்க மனம் வரவில்லை.

அதற்குள் சலவைக்குப் போட்ட துணியோடு வந்த துலுக்கானம், வேப்பிலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, உன் அத்தானின் பிரயாணக் கால்சட்டைகளோடு அப்படியே திரும்பிவிட்டான். அவன் டீக்கடையில் சொல்ல, எங்கே அம்மை கண்டாலும் தெரிவிக்கும்படி சுவரெல்லாம் எழுதியிருக்கிற காலமாகையால், திங்கட்கிழமை சுகாதார இன்ஸ்பெக்டர் மனோகரன் சைக்கிளில் வந்து இறங்கினார். அம்மை குத்தியதற்குச் சான்றான மஞ்சள் புத்தகத்தில் அவர் கையெழுத்துப் போடாமல் அம்மை என்று ஒரு வரி எழுதினால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். உன் அத்தானுக்கு மறுபடி லீவு கிடைப்பது ஓய்வு பெறும்போதுதான்.

"இன்னா சார், ஆத்தா கீற ஊட்டுல ஷூ போட்டுகினு வர்றியே?" என்றாள் கெங்கம்மாள்.

"இது அம்மை இல்ல ஆயா, அம்மை குத்தினதால வந்த கொப்புளம்."

"குத்தினதாலதானே வந்துது? அத்தத்தான் நானும் சொல்றேன்."

மனோகரன் அவள் கையைப் பார்த்தார். "சரி, நீ குத்திக்கிட்டியா?" என்று அவளையே கேட்டார். அவள் எருமைக் கொட்டகையைப் பார்த்தாள். அம்மை குத்துகிறவர்கள் வரும்போதெல்லாம் நாற்பது வருஷமாக அங்கேதான் ஒளிந்துகொள்வாளாம். பிறகு, அழாத குறையாக நின்ற என்னைப் பார்த்தாள். "நீ கொமாரிக்குக் கையெய்த்து போடு சார், நான் கைய நீட்றேன்" என்றாள். அவர் போட்டார், அவள் நீட்டினாள். "இனிமே இந்தக் கதவுல ஒரு இலை பாத்தேன், கையெழுத்த வாபஸ் வாங்கிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கெங்கம்மாளே எல்லாவற்றையும் அவிழ்த்தாள். "ஆத்தா கோச்சிக்க மாட்டா. அவளுக்கும் கப்பல் டயம் தெரியும்."

ஆகையால் நீ கவலைப்பட ஒன்றுமில்லை. மஞ்சள் புத்தகத்தில் கையெழுத்து இருக்கிறது, கால்சட்டைகள் வந்துவிட்டன, கதவு வெறுமையாக இருக்கிறது. படித்தவள் வாசலில் இலை ஏறவிட்டது என் பிசகு, இனி நடக்காது.

உன் வீட்டுக்காரருக்கு எங்கள் ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்கு, இதுவரை முகம் பார்க்காத பெரியம்மாவின் முத்தங்கள். நல்ல கரை சேர எங்களுக்காக ஜெபித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்காள்
ஞானகுமாரி

பின்குறிப்பு, செவ்வாய் 17-ஆம் தேதி: இந்தக் கடிதம் தபாலுக்கே போகவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று உன் அத்தான் ரகசியப் பையில் வைத்துத் தைத்துவிட்டார், இன்றுதான் பிரித்தோம். இனி நானே கையில் கொண்டுவருகிறேன். கெங்கம்மாளுக்கு நேற்றிலிருந்து கை வீங்கிக் காய்ச்சல். படுத்தபடியே கதவைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காரணம் சொல்லி மறுத்திருப்பேன். முக்காலி போட்டு ஏறி நானே கட்டினேன். வியாழனுக்குப் பேசி வைத்திருந்த வாடகைக் கார் எத்திராஜ் அதைப் பார்த்துத் தெருமுனையிலேயே திரும்பிவிட்டார். நாளை மறுநாள் விடிகாலை பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்வேலி வழியாக ஸ்டேஷனுக்கு நடக்கப் போகிறோம். அவளைப் பார்த்துக்கொள்ள வெள்ளானூரிலிருந்து அவளுடைய அக்கா மகள் வருகிறாள். மனோகரனின் சைக்கிள் வருகிறதா என்று உன் அத்தான் தெருமுனையில் காவல் நிற்கிறார். மூன்று கொத்து போதும் என்றாள் கெங்கம்மாள். உன் பட்டியல் நினைவுக்கு வந்தது, நான்கு கட்டினேன்.