ஒரு நூல் குறைந்த அங்குலம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் தங்கையும் தையல் மிஷினும் நலம். உங்கள் மருமகன் நலமா என்பதை முழுக்கப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

போன மாதம் வந்தபோது அவனைப் பார்த்து, "என்ன மாப்ளே, கொடியில காயப்போட்ட சட்டை மாதிரி இருக்க?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள். அவனுக்குப் பதினாறு வயது, சிரிப்பு வரவில்லை. மறுநாளிலிருந்து சட்டைக்குள் மூன்று பனியன், ஒரு ஸ்வெட்டர். வெயிலில் மயங்கி விழுந்தான். டாக்டர் ஒவ்வொன்றாக உரித்துவிட்டு, "இதுல பையன் எங்கய்யா?" என்று கேட்டார். அடுத்த வாரம் கதவிடுக்கில் விரல் நசுங்கியது. ஆம்பளை அழக்கூடாதாம், கண் பிதுங்க நின்றுகொண்டு, "அப்பா, மணி என்ன?" என்கிறான்!

தினமும் காலையில் என் டேப்பால் புஜத்தை அளப்பான். பத்தரை. மறுநாளும் பத்தரை. முகம் தொங்கிப்போகும், சாப்பாடு இறங்காது. பெற்ற மனம் கேட்குமா? வெள்ளை நாடா ஒன்றை எடுத்து, அங்குலத்துக்கு ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு பங்கு, குறைத்துக் கோடு போட்டு வைத்துவிட்டேன். மறுநாள் பன்னிரண்டு! பையன் கண்ணாடிக்கு முத்தம் கொடுத்தான். நானும் சந்தோஷத்தில் அதே டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன், மச்சான். பதினோரு பேருக்கு அளவெடுத்தேன். துணியை வெட்டியதோ கடையிலிருக்கும் இரும்பு ஸ்கேலில்.

சட்டையெல்லாம் கூடாரமாக வந்தது. ஒரு பேங்க் அதிகாரி நழுவும் பேண்டை ஒரு கையால் பிடித்தபடி, "இளைச்சுட்டேன்யா!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். ஜிம் மாஸ்டர் கதைதான் மோசம். அளவெடுத்தபோது மார்பு நாற்பத்தெட்டு என்றதும் என்னைத் தூக்கிச் சுற்றியவர், சட்டையைப் போட்டுப் பார்த்ததும் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "ஒரே வாரத்துல ஆறு அங்குலம் போச்சே!" என்று ஒப்பாரி. ஸ்கூல் விட்டு வந்த நம் பையன் வாய் பிளந்து நின்றான். பிறகு தண்ணீர் கொடுத்து, "நல்லா அழுங்க மாஸ்டர், நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம். நீங்களும் தினம் அளப்பீங்களா?" என்றான்.

"மூணு வேளையும், தம்பி."

அவ்வளவுதான். பையனும் உடைந்துவிட்டான். ஒரு மாத அழுகை, மச்சான். நசுங்கின விரலுக்கும் சேர்த்து அழுதான். என்னாலும் தாங்க முடியவில்லை. டேப் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "அப்ப பத்தரைதானாப்பா?" "பத்தரைதான்டா." மூன்று பேரும் கட்டிப்பிடித்து அழுதோம். பட்டன் வாங்க வந்த அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டு, "எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்டார்.

இப்போது ஒரே பனியன். மூன்று வேளையும் சாப்பிடுகிறான். இனி இந்த வீட்டில் யாரும் யாரையும் அளப்பதில்லை, உடம்பில் என்ன இருக்கிறது என்று தெளிந்துவிட்டோம். அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகள் குண்டோ ஒல்லியோ, அப்படியே நூறு வயது இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிய தையல்காரன்

பின்குறிப்பு: நேற்று பையன் ஆசையாக ஒரு புது டேப் கொண்டுவந்து என் இடுப்பை அளந்தான். நாற்பதாக இருந்தது முப்பத்தைந்தரை! எண்களெல்லாம் பேனாவால் எழுதியதுபோல் இருக்கின்றன. இப்போது அச்சே அப்படித்தான் போலிருக்கிறது. பழைய பேண்ட் இன்னும் இறுக்குகிறது, துவைத்ததில் சுருங்கியிருக்கும். காலையிலிருந்து நான்கு தடவை அளந்துவிட்டேன். அக்காவிடம் அவசியம் சொல்லுங்கள்.