ஆறு பத்துக்குச் சொல்ல வேண்டிய வாக்கியம்

வரவே கூடாத பதின்மூன்று பேரும் சரியாக ஐந்தரை மணிக்குக் கடற்கரையில் வந்து நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை மாலைப் புகைப்பட வகுப்பில் அவனுக்கு ‘அளவுகோல்’ என்று பெயர். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். அரை மில்லிமீட்டர் தவறினாலும் அவனுக்குத் தூக்கம் வராது. இந்தத் திட்டத்தையும் அப்படித்தான் போட்டிருந்தான். ‘கோடை முடியறதுக்குள்ள கடற்கரையப் படம் பிடிக்க வகுப்புல எல்லாரும் போறோம்’ என்று ஒரே ஒருத்தியிடம் மட்டும் சொன்னான். பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற பெண். அவள் வருவாள். மற்றவர்கள் வரமாட்டார்கள், ஏனென்றால் அப்படி ஓர் ஏற்பாடே கிடையாது. ‘அட, ஒருத்தரும் வரலியே’ என்று அவன் வியப்பான். ஆறு இருபத்திரண்டுக்குச் சூரியன் மறையும். ஆறு பத்துக்கு, மூன்று வாரமாக எழுதி அடித்துத் திருத்திய ஒரு வாக்கியத்தை அவளிடம் சொல்லிவிடுவான்.

போன வாரத்தோடு வகுப்பு முடிந்துவிட்டது. இன்றைக்கு விட்டால், அவளைப் பார்க்க அவனுக்குப் பல்வலி வந்தால்தான் உண்டு.

“என்ன தம்பி, எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்ல?” என்றார் பேக்கரிக்காரர், கேமரா ஸ்டாண்டைத் தோளில் துப்பாக்கி போலச் சாய்த்துக்கொண்டு.

“அது வந்து... மறந்துட்டேன்.”

“நல்லவேளை, எக்ஸ்ரே பொண்ணு ஆளாளுக்குப் போன் பண்ணிச்சு. ‘பாவம், மறதிக்காரரு, தப்பா நினைக்காதீங்க’ன்னு உனக்காகப் பரிஞ்சு வேற பேசிச்சு.”

அவன் அவளைப் பார்த்தான். அவள் லென்ஸைத் துடைத்தபடி சிரித்தாள். பொறுப்பான பெண். அந்தப் பொறுப்பைப் பார்த்துத்தான் அவனுக்குப் பிடித்ததே. யாரை நோவது?

வாத்தியார் இரண்டு கைகளாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “இருபது வருஷமா வகுப்பு எடுக்கறேன்ப்பா. ஒரு மாணவன் ஏற்பாடு பண்ணி எல்லாரையும் கூப்பிட்டது இதுதான் முதல் தடவ.” அவர் கண்கள் கலங்கியிருந்தன. இனிமேல் உண்மையைச் சொல்ல வழியில்லை.

பிறகு வாத்தியார், அடுக்கி வைத்திருந்த வாடகை நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டு, பெரிய குடை வைத்திருந்த ஓர் அம்மாவை உட்கார வைத்தார். பக்கத்தில் பிளாஸ்கோடு ஒரு பெரியவர். இருவரிடமும் கேமரா இல்லை. வாத்தியாரின் அண்ணனும் அண்ணியுமாக இருக்கும் என்று அளவுகோல் கணக்குப் போட்டான்.

கூட்டத்தைக் கலைக்க வேண்டும். அவனுக்கு ஒரு யோசனை வந்தது.

“சார், எல்லாரும் ஒரே இடத்துல நின்னா ஒரே படம்தான் வரும். ரெண்டு ரெண்டு பேரா பிரிஞ்சு போயிடலாமே?”

“சபாஷ்! வருகைப்பதிவு வரிசைப்படி பிரிச்சுடறேன்.” பிரித்தார். எக்ஸ்ரேக்கு ஜோடி பேக்கரிக்காரர். “நீ ஏற்பாடு பண்ணவன்ப்பா. விருந்தாளிங்க ரெண்டு பேரையும் நீ பாத்துக்க.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. எக்ஸ்ரேயும் பேக்கரிக்காரரும் வடக்கே நடந்தார்கள். அவன் குடையம்மாவோடும் பிளாஸ்க்குப் பெரியவரோடும் நின்றான்.

மணி ஐந்து ஐம்பது. சீசன் முடிந்த கடற்கரை. ஐஸ்கிரீம் கடைக்குப் பலகை அடித்திருந்தார்கள். உயிர்காக்கும் காவலரின் உயர நாற்காலியை இரண்டு பேர் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஈர மணலில் வெளிச்சம் தேன் போல வழிந்தது. எடுக்க எத்தனையோ படங்கள் இருந்தன.

“தம்பி, இந்தக் கண்ணாடி மூக்குல நிக்கவே மாட்டேங்குது” என்றார் அம்மா.

சட்டைப் பையில் சின்ன திருப்புளி எப்போதும் இருக்கும். முழங்காலிட்டு உட்கார்ந்து இரண்டு பக்கத் திருகையும் இறுக்கி, காதுக்குப் பின்னால் சரிபார்த்து, துடைத்தும் கொடுத்தான். எட்டு நிமிடம் போயிற்று.

“சிகரெட்டு பிடிக்கறியா?” என்று பெரியவர் பெட்டியை நீட்டினார்.

“பழக்கமில்லீங்க.”

“எனக்கும்தான்” என்று பெரியவர் பெட்டியை உள்ளே வைத்துக்கொண்டார். விசித்திரமான மனிதர்.

இவர்களை எங்காவது அனுப்ப வேண்டும். “ஐயா, அந்த அலைத்தடுப்புக் கல்லு மேல நின்னு பாத்தா சூரியன் ரொம்ப அழகாத் தெரியும். நீங்க போய்ப் பாருங்களேன்.”

“நல்ல யோசனை. கையக் குடு.”

அவரை ஒரு கையிலும், குடை, பிளாஸ்க்கு, அம்மாவின் செருப்பை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அவன் பாசி படிந்த கற்களில் ஏறினான். கேமரா கழுத்தில் மணி போல ஆடியது. பாதியில் பெரியவருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. இருவரையும் அப்படியே இறக்கிக் கொண்டுவந்து உட்கார வைத்தான். மணி ஆறு ஆறு.

கடைசி ஆயுதம். “தண்ணி ஏற ஆரம்பிக்குது. நீங்க ரெண்டு பேரும் பத்திரமா மேல ரோட்டுக்குப் போயிடுங்க.”

அம்மா எழுந்து நின்று, கரை முழுதும் கேட்க ஒரு சத்தம் போட்டார். “எல்லாரும் ஓடி வாங்க! தண்ணி ஏறுதாம்!”

நான்கு திசையிலிருந்தும் வகுப்பு ஓடிவந்தது. கடல் இருந்த இடத்திலேயே இருந்தது. பதின்மூன்று பேரும் மறுபடி அவனைச் சுற்றி நின்றார்கள். எக்ஸ்ரேயும் மூச்சிரைக்க வந்தாள்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றான் அவளிடம், தாழ்ந்த குரலில். மணி ஆறு பத்து.

“சொல்லுங்க.”

“எல்லாரும் சேர்ந்துட்டீங்களா? அப்ப ஒரு குரூப் போட்டோ!” என்று வாத்தியார் கைதட்டினார். “ஏற்பாடு பண்ணவனே எடுக்கட்டும்!”

அவன் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு இருபதடி பின்னால் போனான். அடிவானம் சாயாமல் மட்டம் பார்த்தான். பழக்கதோஷம். கேமராவின் சட்டத்துக்குள் பதினான்கு முகங்கள். நடுவில் அவள், இந்தப் பக்கம் குடை, அந்தப் பக்கம் பிளாஸ்க்கு. சூரியன் தண்ணீரைத் தொட்டுவிட்டது.

“என்னமோ சொல்லணும்னீங்களே?” என்று அவள் அலைச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

“அப்புறம் சொல்றேன்!”

“அப்புறம்னா எப்போ? வகுப்புதான் முடிஞ்சுபோச்சே!”

அதுவும் சரிதான். அவனுடைய எந்தத் திட்டத்திலும் ‘அப்புறம்’ என்று ஒரு வரி இல்லை. கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். மூன்று வாரமாகத் திருத்திய வாக்கியத்தில் முதல் பாதி மறந்துவிட்டது. மிச்சம் இருந்ததைத் தொண்டை கிழியக் கத்தினான்.

“இனிமே வெள்ளிக்கிழமை உங்களப் பாக்காம என்னால இருக்க முடியாது!”

கை தானாகப் பொத்தானை அழுத்திவிட்டது. கிளிக். பேக்கரிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அவள் முகம் சிவந்து மணலைப் பார்த்தாள்.

குடையம்மா மட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கம் திரும்பினார். “ஏன்டி, ‘அவரு வாயில்லாப் பூச்சிம்மா, மாப்பிள்ளை பாக்க வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சா மயங்கி விழுந்துடுவாரு, கூட்டத்தோட கூட்டமா நின்னு பாத்துக்கோங்க’ன்னு வகுப்பையே திரட்டிக்கிட்டு எங்களயும் கூட்டிட்டு வந்தியே, பூச்சிக்கு இவ்வளவு பெரிய தொண்டை இருக்குன்னு சொல்லவே இல்லியே!”