ஏழாம் அத்தியாயத்துக்குப் பிறகு

சிலர் சிகரட்டை மறைத்துப் பிடிப்பார்கள். நானோ, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட நாவல்களை மறைத்து வாசித்தவன். அதுவும் முப்பது வயதில், மீசை வைத்துக்கொண்டு, கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையின் கவுண்டருக்குப் பின்னால், ஞாயிறு பத்திரிகையை விரித்து அதற்குள் வைத்து வாசித்தேன். வெளியிலிருந்து பார்த்தால் நாட்டு நடப்பில் மூழ்கியவன் போலத் தெரியும். உள்ளே ஒரு சிறுமி தொலைந்த ஆட்டுக்குட்டியைத் தேடிக்கொண்டிருப்பாள்.

இப்போதும் வாசிக்கிறேன். மறைப்பதில்லை (பத்திரிகைகள் மெலிந்துவிட்டன, ஒரு நாவலை மறைக்க அவற்றால் முடிவதில்லை). அண்மையில் வந்த சிறுவர் நாவல்கள், இளையோர் நாவல்கள் பற்றி யாராவது கேட்டால் சொல்ல எனக்கு நிறைய உண்டு. யாரும் கேட்பதில்லை என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலாவது, பேய்கள் கெட்டுப்போய்விட்டன. முந்திய பேய்கள் காரணம் சொல்லாது. இப்போதைய பேய் வந்த கையோடு தன் குடும்பப் பிரச்சினையைச் சொல்கிறது, ஆலோசனை கேட்கிறது, நன்றி கூறி மறைகிறது. இரண்டாவது, பதினான்கு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் ஓய்வுபெற்ற அதிபர்களைப் போலப் பேசுகிறார்கள். ஆனால் ஒரு நல்ல மாற்றமும் இருக்கிறது. முன்பெல்லாம் அழுத பிள்ளை கடைசிப் பக்கத்தில் சிரித்தே ஆகவேண்டும். இப்போது சில கதைகளில் அவள் கோபத்தோடு கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள், கதை வெளியே நின்று காத்திருக்கிறது. அந்தக் கதவுகளை எனக்குப் பிடிக்கும்.

இப்படியெல்லாம் நான் பேச ஆரம்பித்தால் என் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் கொட்டாவி விடுவது போல நடிப்பார்கள். அதற்குக் காரணம் யோகா டீச்சரின் புத்தக வெளியீட்டு விழா.

யோகா டீச்சர் கண்டியில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பித்தாள். வகுப்பறைச் சுவருக்குப் பெயின்ட் வாங்கக் கடைக்கு வந்தவள், மிச்சக் காசு எடுக்க நான் எழும்பியபோது பத்திரிகையிலிருந்து நழுவி விழுந்த ஆட்டுக்குட்டியைக் கண்டுவிட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவளோ அந்த ஆட்டுக்குட்டி திரும்பி வந்திருக்கவே கூடாது என்று என்னோடு சண்டைக்கு வந்தாள். அன்றிலிருந்து அந்தப் பாடசாலைச் சுவருக்கு அளவுக்கு மிஞ்சிப் பெயின்ட் தேவைப்பட்டது. புத்தகங்கள் கவுண்டருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்தன. ஆணி வாங்க வந்தவர்கள் ஓரமாக நின்று நாங்கள் பேசி முடியும்வரை காத்திருந்தார்கள்.

அவளும் ஒரு நாவல் எழுதினாள். அச்சுக்குப் போக முன்பே கையெழுத்துப் பிரதியைத் தர வந்தாள். நான் வாங்கவில்லை. "சமைக்கும்போதே ருசி பார்க்கிற பழக்கம் எனக்கில்ல டீச்சர். புத்தகமா வரட்டும்" என்றேன். (இந்த வசனத்தை முதல் நாளிரவு தயாரித்திருந்தேன்.) அவள் மகிழ்ந்துபோய் வெளியீட்டு விழாவில் நயவுரையை நான்தான் செய்யவேண்டும் என்றாள். புத்தகத்தை வாசித்து, நயந்து, சபைக்கு எடுத்துச் சொல்கிற உரை அது. போகும்போது இன்னொன்றும் சொன்னாள்.

"மடுல்கெல்லயில இருந்து அண்ணன் வர்றாரு. உங்களப் பார்க்கத்தான் வர்றாரு. அவருக்குப் பொய் சொல்றவங்களக் கண்டா ஆகாது. புத்தகத்தப் பத்திப் பேசுங்க. என்னப் பத்திப் பேசிறாதீங்க."

எனக்கு விளங்கியது. அவளுக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை. தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலையில் வேலை செய்த சிவலிங்கம் அண்ணன்தான் எல்லாம். மற்ற ஆண்களை வீட்டுக் கதிரையில் உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, மாப்பிள்ளையாகப் பார்ப்பார்கள். என்னை மேடையில் ஏற்றிப் பார்க்கப்போகிறார்கள். அந்த ஒரு பேச்சு சரியாக வந்தால் யோகா. இல்லாவிட்டால் பெயின்ட்கூட வேறு கடையில்தான் வாங்குவாள்.

நம் ஊர்களில் புத்தகம் அச்சகத்திலிருந்து விழாவுக்கு முதல் நாள்தான் வரும், அதுவும் மை காயாமல். சனிக்கிழமை பின்னேரம் கண்டி பஸ் நிலையத்தில் அவள் என் கையில் ஒரு பிரதியைத் திணித்தாள். நான் மடுல்கெல்லைக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தேன். அங்கே அக்கா மகளுக்குக் காதுகுத்து. அந்த இரவு வாசிக்கக் கிடைக்கவில்லை, உறங்கவும் கிடைக்கவில்லை. வீடு நிறையச் சனம், நான்தான் பந்திக்கு இலை போட்டவன். காலையில் திரும்பும் பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. மழை தூறியது. தேயிலைச் சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிப் படுத்தன. நான் புத்தகத்தைத் திறந்தேன்.

நல்ல கதை. நிஷா என்றொரு சிறுமி கண்டியில் டியூஷன் முடிந்து அக்குறணைப் பஸ்ஸில் மாலையில் வீடு திரும்புவாள். தினமும் அதே பஸ்ஸில் ஒரு வயதானவர் குடையோடு ஏறுகிறார். அவர் இறங்குவதை மட்டும் யாரும் கண்டதில்லை. அவர் எங்கே இறங்குகிறார்? நிஷா கண்டுபிடிக்கப் புறப்படுகிறாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பக்கங்கள் பறந்தன. ஏழாம் அத்தியாயத்தில் அந்த றோட்டை வெள்ளைக்காரன் எப்படிப் போட்டான் என்ற விவரம் கொஞ்சம் வந்தது. அதையும் தாண்டினேன்.

அதற்குப் பிறகுதான் கதை எழும்பியது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிக்கு வந்த பஸ் பாலத்தில் ஏறவில்லை. குளிக்கப் போகிற யானையைப் போல மெதுவாகக் கரையிறங்கியது. மகாவலி யன்னல் மட்டத்துக்கு வந்தது, பிறகு யன்னலைத் தாண்டியது. ஒருவரும் பயப்படவில்லை. கையை வெளியே விட்டுத் தண்ணீரைத் தடவிப் பார்த்தார்கள். கண்டக்டர் டிக்கட் கிழித்துக்கொண்டே வந்தார். கிழித்த டிக்கட்டுகள் வெள்ளை மீன்குஞ்சுகளாகக் கூட்டம்கூட்டமாக நீந்திப் போயின. ஆற்றின் அடியில் ஒரு பஸ் தரிப்பிடம். கூரையோடு, வாங்கு பலகையோடு, ஒரு டியூப் லைட் எரிய. வயதானவர் எழும்பி, எல்லோரும் சொல்வது போலவே சிங்களத்தில் "பஹினவா" என்றார், இறங்கப் போகிறேன் என்று. "தண்ணி குளிரலியா தாத்தா?" என்று நிஷா கேட்டாள். "பழகிடும்" என்று சொல்லிக் குடையை விரித்தார். தண்ணீருக்குள் குடை. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டியதுகூட நினைவிருக்கிறது. கன்னம் நனைந்திருந்தது.

யாரோ தோளில் தட்டினார்கள். கண்டி வந்துவிட்டது. புத்தகம் மடியில் மூடிக் கிடந்தது. ஒரு நல்ல நாவலை முடித்த பின் வருமே, உடம்பு இரண்டு அங்குலம் தரைக்கு மேலே நிற்பது போன்ற நிலை, அப்படியே இறங்கி மண்டபத்துக்கு நடந்தேன். கன்னம் நனைந்தது யன்னலால் அடித்த மழையில் என்பதை யோசிக்கக்கூட இல்லை.

மண்டபத்தில் முன்வரிசையில் ஒரு மெலிந்த மனிதர் வெள்ளைச் சேர்ட்டில், முழங்காலில் புத்தகத்தை வைத்துக்கொண்டு இருந்தார். மேடையில் நான், யோகா, தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற அதிபர், சிறப்பு விருந்தினராக ஒரு கல்வி அதிகாரி, முதற்பிரதி பெறவந்த அக்குறணை ஹாஜியார் (என் முதலாளி; பெயின்ட் விற்பனை ஏன் ஏறியது என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது).

நான் பேசினேன் என்று சொல்ல முடியாது. மிதந்தேன். நிஷாவைப் பற்றிச் சொன்னேன். காரணம் சொல்லாத பேய்களைப் பற்றிச் சொன்னேன். பிறகு சபையைப் பஸ்ஸில் ஏற்றி ஆற்றுக்குள் இறக்கினேன். டிக்கட் மீன்கள் வந்தபோது பின்வரிசைப் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி இருந்தார்கள். "பழகிடும்" என்று குடையை விரித்தபோது மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. யோகாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண் விரிந்து, வாய் லேசாகத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெகிழ்ந்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். முன்வரிசை மனிதர் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பக்கத்தைப் பார்த்தார். கூர்ந்து வாசிக்கிற மனிதர் என்று அவரையும் மெச்சிக்கொண்டேன்.

கைதட்டல் ஓய்ந்ததும் அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்தார். யாழ்ப்பாணத்து மனிதர், ஒவ்வொரு பேச்சுக்கும் பிறகு சுருக்கம் சொல்வது அவர் வழக்கம். "அந்தத் தண்ணிக்குள்ள பஸ் போற இடம் வாசிக்கேக்க எனக்கும் கண் கலங்கினது, ஓம்" என்றார். அடுத்து வந்த கல்வி அதிகாரி, ஆற்றுக்காட்சி மூலம் மாணவரிடையே சுற்றாடல் விழிப்புணர்வை ஆசிரியர் ஏற்படுத்தியிருக்கும் விதத்தை நெடுநேரம் பாராட்டினார். ஹாஜியார் எழும்பி, அந்தக் குடைக்காரர் இறங்குகிற இடத்தை இரண்டு தரம் வாசித்ததாகச் சொன்னார். அவருக்கு முதற்பிரதி இன்னும் கைக்கே வரவில்லை.

அந்த நேரத்தில்தான், யோகாவிடம் காட்டலாம் என்று, குடை விரிகிற வரியைத் தேடிப் புத்தகத்தைத் திறந்தேன். கடைசி அத்தியாயத்தில் குடை இருந்தது. ஆறு இல்லை. முன்னால் புரட்டினேன், பின்னால் புரட்டினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்த வயதானவர் எங்கேயும் இறங்குவதே இல்லை. அந்தப் பஸ்ஸை ஒரு காலத்தில் ஓட்டிய சாரதி அவர். போக வீடில்லை. கண்டக்டருக்குத் தெரிந்தே டிப்போவில், பஸ்ஸின் கடைசி இருக்கையில் படுத்துக்கொள்கிறார். நிஷா அதைக் கண்டுபிடித்து, ஒருவரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போகிறாள். அருமையான முடிவு. நான் முதன்முதலாக வாசித்தேன், நயவுரை நிகழ்த்திய பிறகு.

வெள்ளைச் சேர்ட்டைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தேன், அதற்குள்ளேயே இருந்துவிட முடியுமா என்று பார்த்தேன். யோகா ஏற்புரைக்கு எழும்பினாள். அவள் ஒரு சொல் சொன்னால் போதும், என் கதை முடிந்தது. ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்குத் தாழ்த்தினாள்.

"என் புத்தகத்துக்கு இன்னைக்கு ரெண்டு முடிவு கிடைச்சிருக்கு" என்றாள். "ஒண்ணு அச்சில இருக்கு. மத்தது இந்த மேடையில இருக்கிற நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும். எது நல்லாருக்குன்னு வாங்கி வாசிச்சிட்டுச் சொல்லுங்க. மேடையில இருக்கிறவங்களும் ஒண்ணொண்ணு வாங்கிக்கிட்டா உதவி."

பிள்ளைகள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு மண்டபமே. அதிபர் தன் கைக்கடிகாரத்தை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தார். ஹாஜியார் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை கொஞ்சம் ஆடியது.

தேத்தண்ணி மேசையில், ரோல்ஸ் தட்டுக்குப் பின்னால் மறைந்து நின்றேன். ரோல்ஸை எடுக்க ஒரு கை வந்தது. வெள்ளைச் சேர்ட்.

"தம்பி," என்றார் சிவலிங்கம் அண்ணன், தாழ்ந்த குரலில். "எந்த இடத்துல தூங்கினீங்க?"

எனக்குள் மூன்று பொய்கள் வரிசையில் நின்றன. மூன்றும் நல்ல பொய்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப் போய்விட்டன.

"ஏழாம் அத்தியாயம் அண்ணே. அந்த றோட்டு போட்ட கதை வருமே."

அவர் தட்டைக் கீழே வைத்தார். தங்கை பக்கத்தில் நிற்கிறாளா என்று இரண்டு தோளுக்கு மேலாகவும் பார்த்துக்கொண்டார்.

"நானும் அங்கதான்" என்றார். "ரெண்டு தரம் ப்ரூஃப் பார்த்தேன். ரெண்டு தரமும் அதே எடத்துல."

"நீங்க சொல்லலியா?"

"அவகிட்டயா?"

ஒரு ரோல்ஸை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு அவர் சொன்னார்: "மேடையில மூணு பேரு முழிச்சிக்கிட்டே பொய் சொன்னாங்க. நீங்க தூங்கித்தானே சொன்னீங்க. பொங்கல் கழிச்சி அம்மாவக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க."

அண்ணன் என்னைப் பாஸ் பண்ணிவிட்டார். யோகா பண்ணவில்லை. கடைப்பக்கமே வரவில்லை. பெயின்ட் டின்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கினேன். ஒருநாள் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றாள். ஆணி வேண்டும் என்றாள். எந்த அளவு என்று கேட்டேன். கவுண்டரில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தரிப்பிடத்துல லைட் எரிஞ்சிச்சா?" என்று கேட்டாள்.

"எரிஞ்சிச்சு."

"வாங்கு இருந்திச்சா, அவரு உட்கார?"

"இருந்திச்சு."

"அப்ப சரி" என்றாள். ஆணி வாங்காமலே போனாள்.

யோகா இப்போது பல நாவல்கள் எழுதிவிட்டாள், எல்லாம் பிள்ளைகளுக்கு. அவளுடைய கதைகளில் மந்தமான பக்கமே இல்லை என்று அறிந்தவர்கள் எழுதுகிறார்கள். எப்படி என்று அவர்களுக்குத் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் என்னை யன்னலோரக் கதிரையில் உட்காரவைத்துக் கையெழுத்துப் பிரதியைத் தருவாள். எதிரில் பென்சிலோடு உட்கார்ந்திருப்பாள். என் கண் எந்த வரியில் மூடுகிறதோ, அந்த வரியில் கோடு விழும். கடந்த நாவலில் நான் கடைசிவரை விழித்திருந்தேன். அவளுக்குச் சந்தேகம் வந்து, அண்ணனுக்கும் ஒரு பிரதி அனுப்பிப் பார்த்தாள்.

எங்கள் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. அதிபரைப் போலப் பேசுவதில்லை, அந்த மட்டில் நிம்மதி. அக்குறணைக்குப் போகும்போதெல்லாம் பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தை நெருங்கும்போது அவள் என் முழங்கையில் மெதுவாக இடிப்பாள். கீழே ஆறு பழுப்பாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

"பஹினவா" என்பாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அப்பா, குடை எடுத்தீங்களா?"