உடையாத அட்டையும் ஓட்டைக்கையாரும்

"படக்" என்றது.

திறந்தது சாப்பாட்டு டப்பாவின் மூடி அல்ல. அதை நெம்பிய அட்டைதான் இரண்டாகிவிட்டது.

ஓட்டைக்கையார் சுற்றுமுற்றும் பார்த்தார். கைபட்டதெல்லாம் உடைவதால் மனைவி வைத்த பெயர் அது. இந்தக் கம்பெனிக்கு அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. மூலையில் மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவர் காலையிலிருந்தே பென்சிலும் தாளுமாக உட்கார்ந்திருந்தார். நஷ்டத்தைக் கணக்கெடுக்க வந்தவராக இருக்கும். யாருடைய நஷ்டத்தை என்று ஓட்டைக்கையார் யாரையும் கேட்கவில்லை.

அது சாதாரண அட்டை இல்லை. கதவைத் திறக்கும், ஆளை அடையாளம் காட்டும், யாராலும் கள்ள நகல் எடுக்க முடியாது. பாறாங்கல் விழுந்தாலும் உடையாது என்று கம்பெனி காப்புரிமை கேட்கவிருந்த புதுச் சரக்கு. பக்கத்து அறை இயந்திரம் வாரக்கணக்கில் அதை வளைத்துப் பார்த்துத் தோற்றுப்போயிருந்தது.

இன்றைக்குத்தான் அவரை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று டைரக்டர் முடிவு சொல்லவேண்டும்.

சேர்ந்த அன்று டைரக்டர் சொன்னது ஒன்றுதான். "இந்த அட்டையைப் பையில வச்சுக்கிட்டு, எப்பவும் போல இருங்க." வேலை என்னவென்று கேட்டால் வேலை போய்விடுமோ என்று அவரும் கேட்கவில்லை. ஏற்கெனவே நாலு இடத்தில் போயிருந்தது.

மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, அட்டை உடைஞ்சு போச்சு."

"டப்பாவைத் திறந்தீங்களா?"

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"போன வாரம் என் சீப்பு. பசை போட்டு ஒட்டுங்க. ஆனா கையால மட்டும் தொடாதீங்க."

"கையால தொடாம எப்படி ஒட்டுறது?"

"அதான் எனக்கும் கவலையா இருக்கு."

பசை அட்டையை ஒட்டவில்லை. கட்டைவிரலை அட்டையோடு ஒட்டியது.

வரவேற்புப் பெண்ணிடம் ஓடினார். "தங்கச்சி, நகப்பூச்சு அழிக்கிற தண்ணி இருக்கா?"

"உங்களுக்கு எதுக்கு சார்?"

"வீட்டுல கேட்டாங்க."

"வீட்டுல கேட்டதுக்கு உங்க விரல்ல ஊத்துறீங்களே!"

விரலுக்கு விடுதலை கிடைத்தது. கூடவே அட்டையில் இருந்த அவர் முகமும் போய்விட்டது. நெற்றியும் ஒரு காதும்தான் மிச்சம். நிஜ முகத்திலும் அவ்வளவுதான் தேறும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அட்டைக்குள் இருக்கும் சிப்பாவது உயிரோடு இருக்கிறதா? சிப் இருந்த பாதியை ஈரத்தோடு சோதனைக் கருவியில் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. "அப்பாடா!" என்பதற்குள் சிவப்பு எரிந்தது. பிறகு புகை வந்தது.

திரும்பினால் வாசலில் மூக்குக்கண்ணாடிக்காரர். நாற்காலியையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்திருந்தார்!

ஒரே வழிதான். புது அட்டைகளைப் பூட்டி வைத்திருக்கும் அறைக்குள் போய் ஒன்றை எடுத்துவிடவேண்டும். மிச்சப் பாதியைக் கதவின் துளையில் நுழைத்தார். கதவு அதை விழுங்கிவிட்டு வீறிட்டு அலறியது. பதறிப்போய்க் கைப்பிடியை இழுத்தார். கைப்பிடி வந்தது. கதவு வரவில்லை.

டைரக்டர் ஓடிவந்தார். "அட்டை எதுல உடைஞ்சது?"

"சாப்பாட்டு டப்பாவுல சார்."

"எந்த முனையை வச்சு நெம்புனீங்க?"

"கேலி பண்ணாதீங்க சார். என் கை பிறந்ததிலிருந்தே இப்படித்தான். கல்யாணத்தன்னிக்கே மாமனாரோட மூக்குக்கண்ணாடியை உடைச்சவன் நான். நானே போயிடறேன்."

டைரக்டர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடிக்காரரிடம் கேட்டார். "எல்லாம் வந்துடுச்சா?"

"கை மட்டும் சரியா வரலை சார்."

ஓட்டைக்கையார் இரண்டு கைகளையும் கைப்பிடியோடு முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடிக்காரர் பக்கத்தில் வந்து, வலது கையை மெதுவாக முன்னால் இழுத்துவிட்டுப் பென்சிலைக் கூர் பார்த்தார்.

"கொஞ்சம் அசையாம நீட்டுங்க சார், காப்புரிமை விண்ணப்பத்துல மூணாவது படம் 'நிரந்தரச் சோதனைக் கருவி'ன்னு போட்டு உங்களைத்தான் வரையச் சொல்லியிருக்காங்க!"