பிஸ்கட் டின்னுக்குள் ஒன்பது ஃபோன்

கொழும்பில் முறையாக நித்திரை கொள்ளத் தெரிந்த ஒரே மனிதர் தாலாட்டு அங்கிள்தான். மற்றவர்கள் எல்லாம் களைத்துப்போய் விழுகிறவர்கள்.

கொட்டாஞ்சேனையில் நான் வாடகைக்கு இருந்த ஃபிளட் கட்டடத்தில், முதலாம் மாடியில் தனியாக இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, பாதி ஆயுளை இரவு ஷிஃப்டிலேயே கழித்தவர். பென்ஷன் எடுத்ததும், விட்டுப்போன நித்திரை முழுவதையும் பிடித்துவிடுவதென்று இறங்கினார். பின்னேரம் ஐந்துக்குப் பிறகு பிளேன்டீ பாவம். ஆறரைக்கு இடியப்பம், சொதி. ஏழுக்கு விளக்கைக் குறைத்து, வெந்நீர்ப் பேசினுக்குள் காலை வைத்துச் செபமாலை. ஒழுங்கைக்குள் ஆட்டோ வந்தால், தம்பி ஹோன் அடிக்காதே என்று ஜன்னலால் சிங்களத்தில் கெஞ்சுவார்: "மல்லி, ஹோன் கஹன்ன எபா!" மல்லி இன்னும் இரண்டு தரம் அடிப்பான்.

நித்திரை வராத நான்தான் முதல் சீடன். பேசின் வாங்கினேன், பிளேன்டீயை விட்டேன். ஃபோனை மட்டும் விட முடியவில்லை.

"ஓஃப் பண்ணி வைங்க தம்பி."

"வைச்சாலும் திரும்ப ஓன் பண்ணிடுவன் அங்கிள். ஏழு மணிக்கு நீங்களே வந்து வாங்கிக்கொண்டு போங்கோ. விடிய தாங்கோ."

"அடுத்தவங்கட ஃபோன் எனக்கு எதுக்கு?" என்று தயங்கினார். விடாமல் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். ஒரு மாதத்தில் ஒன்பது வீட்டார் சேர்ந்துவிட்டோம். பிஸ்கட் டின்னோடு கதவு கதவாக வந்து, வாசலில் நின்று நாலு கதை கதைத்துவிட்டுப் போவார். பகல் முழுக்கத் தனியே இருக்கிற மனிதர். முகம் அப்படி மலர்ந்திருக்கும்.

ஒன்றை மறந்துபோனோம். இங்கே இருட்டும்போதுதான் கனடாவில் விடியும். மூன்றாம் மாடி ரஞ்சி அக்காவின் மகள் அங்கிருந்து கோல் எடுத்தாள், பதிலில்லை. பக்கத்து வீட்டுக்கு எடுத்தாள், கீழ் வீட்டுக்கு எடுத்தாள். எல்லா ஃபோனும் டின்னுக்குள் கிடந்து நடுங்கின. அங்கிளின் காதுக்குள் பஞ்சு. பிள்ளை பயந்து வெள்ளவத்தைச் சித்திக்குச் சொல்ல, சித்தி இரண்டு ஆட்டோ நிறையச் சனத்தோடு அழுதுகொண்டே வந்து இறங்கினார். ரஞ்சி அக்காவோ பேசினுக்குள் காலை வைத்தபடி வாயைப் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தார்.

"ஐயோ அக்கா! உயிரோட இருக்கிறியளே!"

அக்கா எழும்பிய வேகத்தில் பேசின் கவிழ்ந்து, சித்தியின் சேலை நனைந்தது.

மறுநாள் ஃபிளட் கூட்டம். "ஃபோன் வாங்குறது யாரோட ஐடியா?" என்று செயலாளர் கேட்டார். அங்கிள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்குத் தெரியாது. அங்கிள்தான் வந்து கேட்டவர்," என்றேன். வெட்கங்கெட்ட வாய். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

"பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்க," என்றார் அங்கிள். இனி அவர் ஒரு வீட்டுக் கதவையும் தட்டக்கூடாது என்று முடிவானது.

இரண்டு நாள் அவர் கண்ணில் படாமல் ஒளித்துத் திரிந்தேன். மூன்றாம் நாள் காலை போய் நின்றேன்.

"அங்கிள், நான் பொய் சொன்னனான்."

"நீங்க வாடகைக்கு இருக்கிறவர் தம்பி. வீட்டை விட்டு எழுப்பிவிட்டா எங்க போவீங்க? எனக்குச் சொந்த வீடு, என்ன செய்வாங்க?" என்றவர், என் கண்ணை உற்றுப் பார்த்தார். "நித்திர கொள்ளலியா?"

"இல்லை அங்கிள்."

"நானும்தான். யாருக்கும் சொல்லிடாதீங்க."

நாலு வார்த்தை ஏசியிருந்தால் அன்றைக்கே நிம்மதியாகப் படுத்திருப்பேன். பாவி மனிதருக்கு ஏச மட்டும் தெரியவில்லை.