நானூற்றிப் பத்துக்கு நானூற்றி ஒன்று

மூன்றாம் மாடியில் தன் வீட்டிலிருந்து குலவைச் சத்தம் வருவது ஷுக்ரி பேவுக்கு இரண்டாம் மாடியிலேயே கேட்டுவிட்டது. கையில் ஸ்கேன் சென்டர் உறை. உள்ளே அவர் இதயத்தின் கால்சியம் மதிப்பெண்: நானூற்றி ஒன்று.

கெய்ரோவின் தேர்வுத் துறையில் முப்பது வருடம் அதிகாரியாக இருந்து, 'பே' என்ற மரியாதைப் பட்டத்தோடு அழைக்கப்படுபவருக்கு முதலில் அது நல்ல மார்க்காகத்தான் பட்டது. டாக்டர்தான் கெடுத்தார்.

"இந்தப் பரீட்சைல சைபர் வாங்குறவன்தான் முதல் மாணவன், பே. ரத்தக்குழாய்ச் சுவர்ல கொழுப்பு சேர்ந்து புண்ணாகுது. அது ஆறுறப்போ கால்சியம் வந்து ஒட்டுது. டீ கெண்டி அடியில வெள்ளையாப் படியுமே, அந்த மாதிரி."

"சுரண்டி எடுத்துடலாமா?"

"குழாய் உங்களோடது. கெண்டி இல்ல. நோய் மேல வளராம மாத்திரையால பார்த்துக்கலாம். அதிர்ச்சி மட்டும் ஆகாது. நேத்தே உங்க வீட்டுக்கு போன் போட்டு எல்லாம் சொல்லியாச்சே."

ஸ்கேன் எடுத்ததையே வீட்டில் மறைத்திருந்தார் பே.

கதவைத் திறந்த மனைவி இன்ஷிராஹ் அவர் கையில் ரோஜா சர்பத்தைத் திணித்தாள். "என்னங்க, நம்ம ஜீஹான் நானூத்தி ஒண்ணு. போன்லயே சொல்லிட்டாங்க."

பள்ளி இறுதித் தேர்வின் மொத்தமே நானூற்றிப் பத்து. பேவுக்கு விளங்கிவிட்டது. தன் வியாதியை மகளின் மார்க்காகக் கேட்டிருக்கிறாள் இந்த மகராசி. உண்மையைச் சொன்னால் பெண்ணின் மனம் உடையும். சொல்லாவிட்டால் நாளை ஊரே சிரிக்கும்.

"பட்டியல் வரட்டும். அதுவரைக்கும் யாருக்கும் சொல்லாத."

"கண்ணு பட்டுடும்னு பயப்படுறார்," என்றாள் எதிர்வீட்டு அஃபாஃப். உடனே சாம்பிராணி வந்தது. புகையில் பேவின் கண் கலங்க, ஆனந்தக் கண்ணீர் என்று இன்னொரு குலவை.

பே வேறு வழி பார்த்தார். "மார்க்ல என்ன இருக்கு? வெறும் நம்பர்."

கூடமே அவரைத் திரும்பிப் பார்த்தது. 'எங்க குடும்பத்துல நானூறுக்குக் கீழே யாரும் இறங்கினதில்ல' என்று பதினெட்டு வருடமாகக் கட்டடம் முழுக்க முழங்கிய வாய் அது.

"நிஜமாவா சொல்றீங்க பாபா?" என்றாள் ஜீஹான். தாய் அவள் கையைக் கிள்ளியதில் அழுதுகொண்டே உள்ளே ஓடினாள்.

"சந்தோஷம் தாங்கல பொண்ணுக்கு," என்றாள் அஃபாஃப். "இதய டாக்டராகி உங்களுக்கே வைத்தியம் பார்க்கப்போறா."

பே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அத்தனை பேருக்கும் முகம் வெளுத்தது. மறுகணம் முன்னிலும் உரக்கக் குலவையிட்டார்கள்.

தாங்க முடியாமல் படிக்கட்டுக்கு வந்து உட்கார்ந்தார். வாயிற்காவலர் ஜாபிர் காலி சர்பத் கிளாஸ்களோடு இறங்கிக்கொண்டிருந்தார். யாரிடமாவது சொல்லாவிட்டால் அங்கேயே உயிர் போய்விடும் போலிருந்தது.

"ஜாபிர், அந்த நானூத்தி ஒண்ணு ஜீஹானோடது இல்லப்பா. என் இதயத்தோடது."

ஜாபிர் தட்டைக் கீழே வைத்தார்.

"அது கட்டடத்துக்கே தெரியும் பே. பாப்பா மார்க் நேத்தே வந்துருச்சு, நூத்தி நாப்பது. அதைக் கேட்டா உங்க நெஞ்சு தாங்காதுன்னுதான் உங்க மார்க்கை எடுத்து பாப்பாவுக்குப் போட்டுட்டாங்க அம்மா."